என்விடியா டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுத்துப்போனால்: உபுண்டுவில் கோளாறு கண்டுபிடிக்கும் முறை

அப்டேட் முடிந்து ரீபூட் செய்ததும் லாகின் திரை வராமல் கறுப்பாகவே நிற்கிறது. அல்லது திரை வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் ஊதிப்போய், இரண்டாவது மானிட்டர் உயிரில்லாமல் கிடக்கிறது. அல்லது பார்வைக்கு எல்லாம் சரி, முப்பரிமாண வரைகலை நிரலான பிளெண்டர் மட்டும் கிராஃபிக்ஸ் கார்டே இல்லை என்கிறது. மூன்றும் வேறு வேறு கோளாறாகத் தோன்றும். பெரும்பாலும் வேர் ஒன்றுதான்.

என்விடியாவின் டிரைவருக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் உட்கருவுக்குள், ஏறும் துண்டு நிரல்களான மாட்யூல்கள்: என்விடியா, என்விடியா-மோட்செட், என்விடியா-டிஆர்எம், என்விடியா-யுவிஎம் என முக்கியமாக நான்கு. மற்றது நிரல்கள் பயன்படுத்தும் ஓபன்ஜிஎல், வல்கன், குடா லைப்ரரிகள். இரண்டின் பதிப்பு எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும். 570.133.07 மாட்யூலோடு 570.144 லைப்ரரி வேலை செய்யாது. அது மட்டுமல்ல, ஒவ்வொரு கர்னல் பதிப்புக்கும் மாட்யூலைத் தனியாகக் கட்டியாக வேண்டும். ஏஎம்டி, இன்டெல் கார்டுகளின் கர்னல் பாதி கர்னலுடனேயே சேர்ந்து வருவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அதனால் திரை கறுத்த உடனே எல்லா என்விடியா பேக்கேஜையும் நீக்கிவிட்டு, என்விடியா இணையதளத்திலிருந்து ரன் கோப்பை (அங்கே நேரடியாகக் கிடைக்கும் நிறுவல் கோப்பு) இறக்கி நிறுவப் போகாதீர்கள். முதலில் எந்தப் பாதி விழுந்தது, ஏன் விழுந்தது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

திரை இல்லாமல் உள்ளே போவது

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து வடிவ லாகின் வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, வரைகலைப் பகுதி மட்டும்தான் விழுந்திருக்கிறது. அங்கேயே உள்நுழைந்து அடுத்த பகுதிக்குப் போகலாம்.

அதுவும் வராவிட்டால் ரீபூட் செய்து, எந்தக் கர்னலில் எழுவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவைப் பிடியுங்கள். யுஇஎஃப்ஐ கணினியில் தயாரிப்பாளர் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்ட வேண்டும். பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். எஸ்கேப்பைப் படபடவென்று பலமுறை தட்டினால் மெனுவைத் தாண்டி வெறும் கிரப் கட்டளை வரிக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம், கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் கொடுத்து மறுபடி முயலுங்கள்.

மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். இதைவிடப் பயனுள்ள சோதனை இந்த வேலையில் வேறு இல்லை. பழைய கர்னலில் திரை ஒழுங்காக வந்தால் கார்டு நல்லது, லைப்ரரி நல்லது. புதிய கர்னலுக்கான மாட்யூல் மட்டுமே இல்லை என்று பாதி விடை அப்போதே கிடைத்துவிடும்.

பழைய கர்னலும் கறுத்தால், கிரப் மெனுவில் மேல்வரியை வைத்துக்கொண்டு 'இ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில், 'குவையட் ஸ்பிளாஷ்' என்பதற்குப் பின், ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட் 3' என்று சேர்த்து எஃப்10 கொடுங்கள். கணினி வரைகலை இல்லாமல் எழுத்துத் திரையோடு எழும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். நோமோட்செட்டை கிரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைப்பது தவறான யோசனை. இன்டெல் சிப்பும் என்விடியா சிப்பும் சேர்ந்த லேப்டாப்பில் திரை பெரும்பாலும் இன்டெல் பக்கம்தான் இணைந்திருக்கும். அதன் டிரைவரையும் இது முடக்கிவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

'யுநேம் -ஆர்' கொடுத்து ஓடுகிற கர்னலின் முழுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

'எல்எஸ்பிசிஐ -என்என்கே' வெளியீட்டில் விஜிஏ அல்லது 3டி கன்ட்ரோலர் என்ற பத்தியைத் தேடுங்கள். 10டிஇ:1சி82 போல ஓர் அடையாள எண் இருக்கும். 10டிஇ என்பது என்விடியாவைக் குறிக்கும், 1சி82 என்பது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அதன் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியில் 'என்விடியா' இருந்தால் மாட்யூல் ஏறியிருக்கிறது. 'நூவோ' இருந்தால் திறமூல மாற்று டிரைவர் இடத்தைப் பிடித்திருக்கிறது. அந்த வரியே இல்லாவிட்டால் எதுவும் ஏறவில்லை.

டிகேஎம்எஸ் என்பது ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைக் கட்டித்தரும் கருவி. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் எந்த டிரைவர் பதிப்பு எந்தக் கர்னலுக்குக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். முதலில் குறித்த கர்னல் பெயருக்கு நேரே 'இன்ஸ்டால்ட்' இருக்க வேண்டும். 'ஆடட்' மட்டும் இருந்தால் கட்டவில்லை. 'பில்ட்' மட்டும் இருந்தால் கட்டியது, நிறுவவில்லை.

கடைசியாக, டிரைவர் வழியே கார்டின் நிலையைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ'. கூடவே 'ஜர்னல்சிடிஎல் -கே -பி' வெளியீட்டில் என்விஆர்எம் என்று தொடங்கும் வரிகள், அவை என்விடியா மாட்யூல் எழுதும் செய்திகள். இனி, வருகிற விடையைப் பொறுத்து வழி பிரிகிறது.

'டிரைவர்/லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்'

என்விடியா-எஸ்எம்ஐ இப்படிச் சொன்னால் நிம்மதி அடையலாம், கோளாறுகளில் எளிதானது இது. வட்டில் லைப்ரரி புதியதாகிவிட்டது, நினைவகத்தில் பழைய மாட்யூல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உபுண்டுவின் தானியங்கி அப்டேட் நாம் கேட்காமலே பேக்கேஜை மாற்றிவிடுவதால், நேற்றுவரை ஓடிய கணினி இன்று காலை இப்படிச் சொல்லும். ரீபூட் செய்தால் போதும்.

ரீபூட் செய்ய முடியாத சர்வர் என்றால் கார்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். 'எல்எஸ்ஓஎஃப் /டெவ்/என்விடியா*' அவற்றைக் காட்டும். என்விடியா-பெர்சிஸ்டென்ஸ்ட் சேவையை மறக்காமல் நிறுத்துங்கள், 'மாட்யூல் இஸ் இன் யூஸ்' என்று மறுக்கப் பல நேரம் அதுதான் காரணம். பிறகு 'ஆர்எம்மாட்' கட்டளையால் யுவிஎம், டிஆர்எம், மோட்செட், என்விடியா என்ற வரிசையில் இறக்குங்கள். ஒன்றை ஒன்று சார்ந்திருப்பதால் வரிசை மாறினால் இறங்காது. பின் 'மாட்புரோப் என்விடியா' கொடுத்தால் புதியது ஏறும்.

ரீபூட்டுக்குப் பிறகும் அதே பிழை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, கணினி எழும் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பழைய மாட்யூல் தங்கிவிட்டது. 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்' கொடுத்து மறுபடி உருவாக்குங்கள். இன்னொன்று, எப்போதோ ரன் கோப்பால் நிறுவிய டிரைவரின் எச்சம். /வார்/லாக் அடைவில் என்விடியா-இன்ஸ்டாலர்.லாக் என்ற கோப்பு இருந்தால் அது நடந்திருக்கிறது என்று பொருள். 'என்விடியா-அன்இன்ஸ்டால்' ஓட்டி அதை அகற்றிய பிறகே உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியே மறுபடி நிறுவுங்கள். இரண்டு முறையையும் கலந்து ஓட்டுகிற கணினி என்றைக்காவது காலை வாரும்.

'என்விடியா-எஸ்எம்ஐயால் டிரைவரோடு பேச முடியவில்லை'

இது வேறு. மாட்யூலே ஏறவில்லை. இல்லாததால் ஏறவில்லையா, இருந்தும் மறுக்கப்பட்டதா என்று பிரிக்க 'சூடோ மாட்புரோப் என்விடியா' கொடுங்கள்.

'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்றால் இந்தக் கர்னலுக்குக் கட்டப்படவில்லை. முதல் காரணம், மாட்யூல் கட்டத் தேவையான கர்னல் ஹெட்டர் பேக்கேஜ் இல்லாதது. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-' என்பதோடு யுநேம் காட்டிய பெயரை ஒட்டிக் கொடுங்கள். பிறகு 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்'. பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மேக்.லாக் கோப்பைத் திறந்து படியுங்கள். அது /வார்/லிப்/டிகேஎம்எஸ்/என்விடியா என்ற அடைவுக்குள், டிரைவர் பதிப்பு எண்ணின் கீழ், பில்ட் என்ற இடத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கான வரி ஓடும். கடைசி வரியில் 'எரர் 2' என்று மட்டும் இருக்கும், அதில் செய்தி ஒன்றுமில்லை. மேலிருந்து தேடி 'எரர்' என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைப் பிடியுங்கள். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும். மற்றவை அதன் எதிரொலி.

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். உபுண்டு 22.04 நிறுவும்போது ஜிசிசி கம்பைலரின் 11-ஆம் பதிப்பு வந்தது. பின்னால் வந்த 6.5 கர்னலை உபுண்டு ஜிசிசி 12 கொண்டு தொகுத்தது. அந்தக் கர்னலுக்கு மாட்யூல் கட்டும்போது மேக்.லாக்கில் முதல் பிழையாக 'அன்ரெகக்னைஸ்ட் கமாண்ட்-லைன் ஆப்ஷன்' என்றும், அதை ஒட்டி 'ஆட்டோ-வார்-இனிட்' என்ற சொல் அடங்கிய ஒரு தெரிவும் வரும். 12-இல் அறிமுகமான தெரிவு அது, 11-க்குப் புரியாது. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிசிசி-12' கொடுத்து மறுபடி டிகேஎம்எஸ் ஓட்டினால் கட்டிவிடும். டிரைவருக்கும் கார்டுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இதற்காகவே கணினியை முழுதாக அழித்து நிறுவியவர்கள் பலர். உங்கள் கர்னல் எந்த ஜிசிசியால் தொகுக்கப்பட்டது என்று '/ப்ராக்/வெர்ஷன்' கோப்பைப் படித்தால் தெரியும். 'ஜிசிசி --வெர்ஷன்' காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மேக்.லாக்கில் ஒரு கர்னல் ஃபங்ஷன் இல்லை என்றோ, அதற்குக் கொடுத்த ஆர்குமென்ட் எண்ணிக்கை பொருந்தவில்லை என்றோ வந்தால், கர்னல் உங்கள் டிரைவரைவிடப் புதியது. பழைய கர்னலிலேயே இருங்கள், அல்லது டிரைவரின் அடுத்த கிளைக்கு, அதாவது அடுத்த பதிப்பு வரிசைக்குப் போங்கள். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்றால் பெரும்பாலும் பூட் பகிர்வு நிரம்பியிருக்கும். 'டிஎஃப் -ஹெச் /பூட்' கொடுத்துப் பாருங்கள், 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' பழைய கர்னல்களை நீக்கும். நீக்கியபின் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்து அரைகுறையாக நின்ற நிறுவலை முடியுங்கள்.

டிகேஎம்எஸ் பட்டியல் காலியாகவே இருந்தால் அதுவே கோளாறு என்று எண்ண வேண்டாம். உபுண்டு முன்கூட்டியே கட்டி, தானே கையொப்பமிட்ட மாட்யூல்களையும் தருகிறது. 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா' என்று தொடங்கும் பேக்கேஜ்கள் அவை. செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்தே எதையும் ஏற்றும் பாதுகாப்பு அமைப்பு) வைத்திருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பது எங்கள் கருத்து. கம்பைலரும் வேண்டாம், சாவியும் பதிய வேண்டாம். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் கர்னல் ஹெச்டபிள்யூஇ வகையாக (புதிய வன்பொருளுக்காக உபுண்டு பின்னால் தரும் புதிய கர்னல்) இருந்து, மாட்யூல் பேக்கேஜ் பெயர் வெறும் 'ஜெனரிக்' என்று முடிந்தால், கர்னல் ஒரு பாதையிலும் மாட்யூல் இன்னொரு பாதையிலும் ஏறும். அடுத்த கர்னல் வரும்போது மாட்யூல் கூட வராது. 24.04-இல் ஹெச்டபிள்யூஇ கர்னல் என்றால் பேக்கேஜ் பெயரும் 'ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-24.04' என்றே முடிய வேண்டும்.

'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'

மாட்யூல் இருக்கிறது, கர்னல் ஏற்க மறுக்கிறது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத சாவியால் கையொப்பமிட்ட மாட்யூலை ஏற்ற முடியாது. 'மோக்யுடில் --எஸ்பி-ஸ்டேட்' கொடுத்தால் செக்யூர் பூட் இயங்குகிறதா என்று தெரியும்.

டிகேஎம்எஸ் ஒவ்வொரு மாட்யூலையும் உங்கள் கணினியிலேயே உருவான ஒரு சாவியால் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை ஃபர்ம்வேரிடம் ஒருமுறை பதிய வேண்டும். 'சூடோ மோக்யுடில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/மோக்.டெர்' என்று கொடுங்கள். கடைசிக் கோப்பின் பெயரில் 'மோக்' மட்டும் பெரிய எழுத்து. ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும், எளிய சிறிய ஆங்கில எழுத்துகளாகவே வையுங்கள். ஏனென்றால் அடுத்து வரும் நீலத் திரை அமெரிக்க விசைப்பலகை அமைப்பை மட்டுமே அறியும், தட்டுவது திரையில் தெரியவும் தெரியாது.

ரீபூட் செய்ததும் அந்த நீலத் திரை வரும். ஏதாவது ஒரு விசையை அழுத்த 10 விநாடி தரும். தேநீர் எடுக்கப் போனால் தவறிவிடும். கணினி வழக்கம்போல எழும், சாவி பதிவாகாது, நீங்கள் பதிந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள். உள்ளே போனதும் முதல் வரியான 'கன்டினியூ பூட்'டைத் தொடாமல், 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய்க் கடவுச்சொல்லைத் தட்டி ரீபூட் கொடுங்கள். எழுந்தபின் 'மோக்யுடில் --டெஸ்ட்-கீ' என்பதோடு அதே கோப்பைக் கொடுத்தால் பதிவாகிவிட்டதா என்று சொல்லும்.

செக்யூர் பூட்டை ஃபர்ம்வேரில் அணைத்துவிடுவதும் வேலை செய்யும். விண்டோஸும் அதே கணினியில் இருந்து, அதன் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்கினால், அணைத்ததும் விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கும். அந்த 48 இலக்க எண் கையில் இல்லாமல் அணைக்காதீர்கள்.

கார்டுக்குப் பொருந்தாத கிளை

எல்லாம் சரியாகக் கட்டி, ஏறியும், என்விஆர்எம் வரியில் 'இந்தக் கார்டை இந்த டிரைவர் ஆதரிப்பதில்லை' என்று பொருள்படும் செய்தி வந்தால், அப்டேட் உங்களைத் தவறான கிளைக்குக் கொண்டுபோயிருக்கிறது.

என்விடியா கார்டுகளில் ஃபெர்மி தலைமுறைக்குக் கடைசிக் கிளை 390. கெப்ளருக்கு 470. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டாவுக்கு 580. ஜிடிஎக்ஸ் 900 வரிசை மேக்ஸ்வெல், ஜிடிஎக்ஸ் 10 வரிசை பாஸ்கல். இதற்கு மேற்பட்ட எண் இவற்றில் ஓடாது, எத்தனை முறை நிறுவினாலும்.

இன்னொரு பிரிவும் இருக்கிறது. 2022 மே மாதம் 515 கிளையோடு என்விடியா தன் கர்னல் மாட்யூல்களின் திறமூல வடிவத்தை வெளியிட்டது. பேக்கேஜ் பெயரில் 'ஓபன்' என்று ஒட்டியிருப்பது அதுதான். லைப்ரரிப் பாதி இன்றும் மூடியதே. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல் மேலே உள்ளவை ஓபன் மாட்யூலில் ஓடும். அதற்கு முந்தையவை ஓடாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஓபனில் மட்டுமே ஓடும். பழைய கணினியின் வட்டை அப்படியே புதிய கார்டுள்ள கணினிக்கு மாற்றுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' காட்டும் பட்டியலில் 'ரெகமெண்டட்' என்று குறித்திருப்பதைப் பின்பற்றினால் இரண்டு தவறும் நேராது.

வேறு வழியில்லாமல் சுத்தமாக நிறுவுவது

'சூடோ ஆப்ட் பர்ஜ்' கட்டளையில் '^என்விடியா-.*', '^லிப்என்விடியா-.*' இரண்டையும் மேற்கோளுக்குள் கொடுங்கள். ஒய் தட்டுவதற்கு முன் நீக்கப்படும் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். டாக்கரில் கார்டைப் பயன்படுத்துகிறவர்களின் என்விடியா கன்டெய்னர் டூல்கிட்டும் இந்த வலையில் விழும், அதைப் பிறகு தனியாக நிறுவ வேண்டும். முன்கட்டிய மாட்யூல் பேக்கேஜ்கள் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள். பிறகு 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'.

முடிந்த உடனே ரீபூட் செய்யாதீர்கள். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸை மறுபடி பாருங்கள். 'மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா' ஒரு பதிப்பு எண்ணைத் திருப்பித் தந்தால் வட்டில் மாட்யூல் தயார். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் வழியே நிறுவுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். அங்கே ஏகேமாட் பின்னணியில் மாட்யூல் கட்டிக்கொண்டிருக்கும்போதே பேக்கேஜ் நிறுவல் முடிந்ததாகச் சொல்லிவிடும். ஐந்து நிமிடம்வரை பொறுத்து, எண் வந்தபிறகே ரீபூட் செய்ய வேண்டும்.

டிரைவர் சரி, ஆனாலும்

என்விடியா-எஸ்எம்ஐ ஒழுங்காக வருகிறது, திரை மட்டும் வரவில்லை என்றால், /இடிசி/எக்ஸ்11 அடைவில் பழைய எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பு கிடக்கிறதா பாருங்கள். இன்றைய கணினிக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. பெயரை மாற்றிவிட்டு முயலுங்கள்.

எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த புதிய திரை அமைப்பான வேலண்டின் அமர்வு லாகின் தெரிவில் வராவிட்டால் /சிஸ்/மாட்யூல்/என்விடியா_டிஆர்எம்/பாராமீட்டர்ஸ்/மோட்செட் கோப்பைப் படியுங்கள். 'ஒய்' வர வேண்டும். 'என்' வந்தால் /இடிசி/மாட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பில் 'ஆப்ஷன்ஸ் என்விடியா-டிஆர்எம் மோட்செட்=1' எழுதி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள். வேலண்டில் ஜன்னல்கள் மினுமினுத்தால் 555-க்குக் குறைந்த கிளையில் இருக்கிறீர்களா என்று பாருங்கள், மினுமினுப்பைத் தடுக்கும் எக்ஸ்பிளிசிட் சிங்க் வசதி 555-இல்தான் வந்தது.

ஃபிளாட்பேக் நிரல்கள் மட்டும் தடுமாறினால் 'ஃபிளாட்பேக் அப்டேட்' கொடுங்கள். அவை லைப்ரரிப் பாதியின் சொந்தப் பிரதியை வைத்திருக்கின்றன, அதுவும் மாட்யூலின் எண்ணோடு பொருந்தியாக வேண்டும். ஸ்டீம் மட்டும் தடுமாறினால் 32 பிட் லைப்ரரி, அதாவது 'லிப்என்விடியா-ஜிஎல்' பேக்கேஜின் ஐ386 வடிவம், அப்டேட்டில் விடுபட்டிருக்கும்.

என்விடியா-எஸ்எம்ஐயின் மேல்மூலையில் தெரியும் குடா பதிப்பைப் பார்த்து டூல்கிட் நிறுவியிருப்பதாக எண்ண வேண்டாம். இந்த டிரைவர் தாங்கக்கூடிய உச்சப் பதிப்பு அது, அவ்வளவுதான். கர்னல் லாக்கில் 'எக்ஸ்ஐடி 79' வந்தால் பேக்கேஜ்களைத் தொடாதீர்கள். கார்டு பிசிஐ பஸ்ஸிலிருந்தே விழுந்துவிட்டது என்று பொருள். பவர் கேபிளையும் ஸ்லாட்டையும் வெப்பத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' போட்டு டிரைவரை மட்டும் நிறுத்திவைப்பது பாதி வேலை. கர்னல் தன்பாட்டுக்கு ஏறி, அதற்கான மாட்யூல் இல்லாமல் அதே கறுப்புத் திரையில் கொண்டு நிறுத்தும். நிறுத்தினால் இரண்டையும் நிறுத்துங்கள். அப்படி நிறுத்திவைத்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும் என்பதால், மாதம் ஒருமுறையாவது நேரம் ஒதுக்கி 'அன்ஹோல்ட்' செய்து, கண்முன்னால் ஏற்றுங்கள். தொடங்குமுன், கணினியின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். புதிய கர்னலில் ஒருமுறை எழுந்து, என்விடியா-எஸ்எம்ஐ பார்த்து, லேப்டாப்பை ஒருமுறை தூங்கவைத்து எழுப்பிப் பார்க்கும்வரை, பழைய கர்னலை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையைக் கொடுக்காதீர்கள்.